பல் கூசியவருக்கு மட்டும் வயிறு வலிக்கவில்லை

சாப்பாட்டுத் தட்டை நீட்டுவதற்கு முன்னால், "கை கழுவினீங்களா?" என்று ஒருத்தி உங்களைக் கேட்டால் உங்களுக்கு என்ன வரும், நன்றியா கோபமா? பொய் சொல்லாமல் யோசித்துப் பாருங்கள்.

அந்த அட்டைப்பெட்டி ஆலையின் சமையற்கட்டில் தட்டு வாங்கிய நூற்று எண்பது பேருக்கும் கோபம்தான் வந்தது. வெட்டு இயந்திரத்தில் நிற்கிறவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "கழுவியாச்சு, கழுவியாச்சு" என்பார். "காட்டுங்க" என்பாள் சோறு போடுகிறவள். காட்டினால் குனிந்து மோந்து பார்ப்பாள். பசை வாடை அடித்தால் தட்டு கிடைக்காது. அதனால்தான் அவளுக்கு மோப்பக்கா என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

வீட்டிலும் அதே கதைதான். காய்கறி வாங்கி வந்தால் உப்புத் தண்ணீரில் ஊற வைத்து, மூன்று தடவை அலசித்தான் கத்தியைத் தொடுவாள். ஈ உட்கார்ந்த பழத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆறிப்போன சாப்பாட்டைக் கொதிக்கச் சூடாக்காமல் யார் தட்டிலும் வைக்க மாட்டாள். குடிக்கிற தண்ணீர் தளதளவென்று கொதித்தாக வேண்டும். அவள் கணவர் சுமை வண்டி ஓட்டுகிறவர். நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், "என்னையே இவ கொதிக்க வச்சு, வடிகட்டித்தான் கட்டிக்கிட்டா" என்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் வந்தவர்கள் கை கழுவினார்களா என்பதில் ஒரு கண் இருக்கும்.

இந்தச் சந்தேகம் கூடப் பிறந்ததில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்ததில் வந்தது. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தம்பிக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் பையன் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியம். சாக்கடையை ஒட்டி ஓடுகிற குடிநீர்க் குழாயை யாரும் மாற்ற வேண்டியதில்லை. அதே தெருவில் அந்த மாதம் மட்டும் ஐந்து பிள்ளைகளுக்கு அதே விதி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, ஊசி போடுகிற இடத்துச் சுவரில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து விதியின் மேல் அவளுக்கு நம்பிக்கை போனது. தண்ணீரின் மேலும்தான்.

ஆலைச் சமையற்கட்டில் தண்ணீர் அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கெல்லாம் இரண்டு அண்டாவை அடுப்பில் ஏற்றிவிடுவாள். நன்றாகக் கொதித்து அடங்கியதும், குழாய் வைத்த டிரம்மில் ஊற்றி மூடுவாள். மதியத்துக்குள் பாதி ஆறியிருக்கும். முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விட்டார்கள். டம்ளரில் பிடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டால், சாப்பிட்டு முடிப்பதற்குள் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மேனேஜர் அரை மணியைப் பதினைந்து நிமிடமாக்கினார். வெயில் காலம் வேறு. அட்டை காய வைக்கும் உருளைகளின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறவர்கள் சுடு தண்ணீரைப் பார்த்தாலே முகம் சுளித்தார்கள்.

"இன்னொரு டிரம் வாங்கிக் குடுங்க சார். முந்தின நாள் சாயங்காலமே கொதிக்க வச்சு மூடிடறேன். காலையில ஜில்லுன்னு இருக்கும்" என்றாள் மோப்பக்கா.

"டிரம் எதுக்கு? ரெண்டு கட்டி ஐஸ் வாங்கிப் போடு. வேலை முடிஞ்சுது" என்றார் மேனேஜர்.

ஐஸ் வந்தது, சாக்கில் சுற்றி, மரத்தூள் ஒட்டிக்கொண்டு. மோப்பக்கா சும்மா விடுவாளா? ஒவ்வொரு கட்டியையும் கொதித்த நீரை ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். ஒரு துளி மரத்தூள் இல்லாமல் பார்த்த பிறகே டிரம்முக்குள் இறக்கினாள். எல்லோரும் குளிர்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவளை முதல் தடவையாகப் பாராட்டினார்கள். அவள் மட்டும் வழக்கம்போல வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரையே குடித்தாள். அது வெறும் பழக்கம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

சில வாரம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். முதல் நாள் நான்கு பேர், அடுத்த நாள் ஒன்பது பேர். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ஒரு வாரத்தில் நாற்பது பேர் வேலைக்கு வரவில்லை. மேனேஜர் சமையற்கட்டு வாசலில் வந்து நின்று, "யாரோட கைவரிசை இது?" என்று கேட்டார்.

மோப்பக்காவின் சந்தேகம் விறுவிறுவென்று வேலை செய்தது. பருப்பைக் கிளறிப் பார்த்தாள். எண்ணெயை மோந்தாள். கடைசியில் அவள் கண் போய் நின்றது பாத்திரம் கழுவுகிற பெண்ணின் கையில். வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. எல்லோரும் அவளைப் புதுசு என்றுதான் கூப்பிட்டார்கள். ஓடைக்கரைக் குடிசைகளிலிருந்து வருகிறவள். குடும்பத்தில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். அந்தக் கையில்தான் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாக இருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் தனியாக அகப்பட்டபோது, மோப்பக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சார், அந்தப் புதுசு கையில புண்ணு இருக்கு. கொஞ்சம் பாருங்க."

மேனேஜர் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "ஓடைப் பக்கத்து ஆளுங்கன்னாலே இப்படித்தான்" என்றார். சனிக்கிழமையோடு புதுசு நின்றுகொள்ள வேண்டும் என்று உத்தரவானது. ஒரே வாக்கியத்தில் நாற்பது பேர் நோய்க்கும் காரணம் கண்டுபிடித்த அந்த வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏழையின் அழுக்கு என்று முடிவு கட்டிவிட்டால் ஆராய்ச்சி அத்தோடு முடிந்துவிடுகிறது.

புதுசு அழவில்லை. செவ்வாய்க்கிழமை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் மோப்பக்காவை மறித்து நின்றாள்.

"நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. கையைக் காட்டு."

"இப்பத்தான் காட்டச் சொல்றீங்களா? சொல்றதுக்கு முன்னாடி பார்த்திருக்கலாம்ல?" கையை நீட்டினாள். "வந்த நாள்லேர்ந்து சோப்புக் கேக்கறேன். துணிச்சோடாவைக் குடுத்தாங்க. அதைக் கொதிக்கிற தண்ணியில கரைச்சு நூத்தெண்பது தட்டைத் தேய்ச்சா தோல் இருக்குமா? நீங்க தேய்ச்சுப் பாருங்கக்கா, ஒரு நாளைக்கு."

மோப்பக்கா அந்தக் கையைப் பிடித்து மோந்தாள். சோடா வாடைதான் அடித்தது. இவ்வளவு காரத்திலும் சூட்டிலும் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்? அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ நெருடியது.

"ஒட்டுற பிரிவுல பதினோரு பேர் படுத்திருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றாள் புதுசு. "அவங்க நம்ம சோத்தைத் தொடறதே இல்ல. சோத்தையும் டம்ளரையும் வீட்டுலேர்ந்தே கொண்டாந்து டப்பாவுலயே சாப்பிடறவங்க. என் கை பட்ட தட்டு அவங்ககிட்ட எப்படிப் போச்சு?"

மோப்பக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒட்டுகிறவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக இருந்தது டிரம் ஒன்றுதான். அதைத் தன் கையால் கொதிக்க வைத்திருக்கிறாள். நுரைத்துக் கொதித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்படியானால் தண்ணீராக இருக்க முடியாது. ஆனால் வேறு எதுவாகவும் இருக்க முடியவில்லையே.

புதன்கிழமை பாய்லர்காரர் வந்தார். தினமும் வந்து அண்டாவில் மிஞ்சிய சுடுநீரை வாங்கிப்போகிறவர்தான், மற்ற நாளில் வேறு யாராவது ஊற்றுவார்கள். தன் பித்தளைச் செம்பை நீட்டி, "அண்டாவுலேர்ந்தே ஊத்தும்மா" என்றார்.

"டிரம்முல குளிர்ந்த தண்ணி இருக்கேண்ணே."

"பல்லு கூசுது தாயி. ஜில்லுன்னு ஒரு வாய் குடிச்சா உச்சந்தலை வரைக்கும் போய் வருது. எனக்குச் சுடச்சுடத்தான்."

ஊற்றப்போன மோப்பக்கா அப்படியே நின்றாள்.

"அண்ணே, உங்களுக்கு வயிறு எப்படி இருக்கு?"

"கல்லைப் போட்டாலும் அரைக்கும். ஏன், நான் நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?"

"உங்க பாய்லர் ரூம்ல மத்த ரெண்டு பேரும்?"

"ரெண்டும் சுருண்டு கிடக்குது. அவனுங்களுக்கு டிரம்முத் தண்ணிதான் வேணும், பெரிய மனுசங்களாச்சே."

ஒரே அறை, ஒரே சோறு, புதுசு கழுவிய அதே தட்டு. படுக்காதவர் அண்டாவில் குடிக்கிறார். படுத்தவர்கள் டிரம்மில் குடித்தார்கள். அண்டாவுக்கும் டிரம்முக்கும் நடுவில் அந்தத் தண்ணீரில் சேருவது ஒன்றே ஒன்றுதான்.

அன்று வேலை முடிந்ததும் மோப்பக்கா ஐஸ் தயாரிக்கும் கொட்டகைக்கு நடந்தாள். மீன் ஏற்றுகிற வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருவன் வெறுங்காலோடு ஐஸ் கட்டிகளைத் தரையில் இழுத்துக்கொண்டு போனான்.

"இந்த ஐஸுக்குத் தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க?" என்று கொட்டகைக்காரரைக் கேட்டாள்.

"குழாய்த் தண்ணி நின்னு பத்து நாளைக்கு மேல ஆச்சு. பின்னாடி கிணத்துலதான் எடுக்கறோம்."

பின்னால் போய்ப் பார்த்தாள். கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் கழிப்பறைக் குழி. நடுவில் ஈரம் கசிந்து மண் கறுத்திருந்தது. மூக்கை வைத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

"இதையா குடிக்கக் குடுக்கறீங்க?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "குடிக்கவா? இது மீனுக்குப் போடற ஐஸும்மா. மீனுக்கு என்ன வயித்தாலையா போவும்? குடிக்கிறதுக்குன்னு நீங்க எப்பச் சொன்னீங்க?"

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெளியே ஒட்டிய மரத்தூளைச் சந்தேகப்பட்டுத் தேய்த்தவள், உள்ளே உறைந்திருந்த தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. வெப்பம் கிருமியைக் கொல்லும், குளிர் கொல்லும் என்று நம்ப முடியாது. கட்டி கரைந்ததும் அத்தனையும் உயிரோடு டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. காலையெல்லாம் விறகும் வியர்வையும் செலவழித்துக் கொதிக்க வைத்த நீரில், கழிப்பறையைக் கரைத்து, அவளே டம்ளர் டம்ளராகப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒரு வாய்கூடத் தான் குடிக்கவில்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஊரையே சந்தேகப்பட்டுத் தன் வயிற்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

கணவரிடம் சொன்னாள். "வாயை மூடிட்டு நாளைக்கு ஐஸை நிறுத்திடு. தானா சரியாயிடும்" என்றார் அவர்.

"அந்தப் பொண்ணு?"

"உன் வேலை போயிடும்டி" என்றார்.

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, மோப்பக்கா டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. சத்தம் கேட்டு மேனேஜர் அறையிலிருந்து வந்தார்.

"நோய் வந்தது இதுலேர்ந்து" என்றாள் எல்லோருக்கும் கேட்கிறபடி. "ஐஸு கக்கூஸ் கசியற கிணத்துத் தண்ணியில செஞ்சது. நேத்து நேர்ல போய்ப் பார்த்தேன். கழுவிப் போட்டது நான். புதுசு மேல பழி சொன்னதும் நான்தான். அவ கையில இருக்கிறது சோடாப் புண்ணு."

மேனேஜர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இதை என்கிட்ட ரகசியமா சொல்லியிருக்கக் கூடாதா?"

"அந்தப் பொண்ணைப் பத்தி ரகசியமாத்தான் சார் சொன்னேன். அதோட லட்சணத்தைத்தான் பார்த்தோமே."

யாரோ சிரித்தார்கள். "ஆதாரம் என்ன?" என்று மேனேஜர் குரலை உயர்த்தினார். பாய்லர்காரர் எழுந்து தன் செம்பைத் தூக்கிக் காட்டி, "நான்தான் சார் ஆதாரம். உயிரோட நிக்கறேன்" என்றார்.

"ஒரு வாரம் ஐஸ் போடாம இருந்து பாருங்க" என்றாள் மோப்பக்கா. "அப்பவும் ஆள் விழுந்தா என்னை அனுப்பிடுங்க. அதுவரைக்கும் அவளைத் தொடாதீங்க." ஒட்டுகிற பிரிவுப் பெண்கள், அந்த ஒரு வாரம் எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். நூற்றுச் சொச்சம் பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேனேஜரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மோப்பக்கா டிரம்மைத் திறந்து மோந்து பார்த்தாள். தான் நினைத்தது தப்போ என்று அண்டாவையே வெறித்துக்கொண்டு நின்றாள். முன்பே குடித்ததன் பலன் வெளியே வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை யாரும் விழவில்லை. அடுத்த வாரம் முழுவதும் யாரும் விழவில்லை.

புதுசு நிற்கவில்லை. அவளுக்குச் சோப்பும் ரப்பர் கையுறையும் வந்தன, இன்னொரு டிரம்மும் வந்தது. தண்ணீர்ப் பொறுப்பை மோப்பக்காவிடமிருந்து பிடுங்கிப் புதுசிடம் கொடுத்தார்கள். மோப்பக்கா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆலை முற்றத்துக்குப் போனாள். ஐஸ் வாங்கச் சொன்னவருக்கும், சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக வெட்டியவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான். பதினைந்து நிமிடம் இன்னமும் பதினைந்து நிமிடமாகவே இருக்கிறது.

இப்போது மோப்பக்கா டிரம்முத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். தினமும் முதல் டம்ளரைப் புதுசு இவள் கண்முன்னால் குடித்துக் காட்ட வேண்டும், பிறகு இவள் குடிப்பாள். "என் மேல இன்னும் சந்தேகமாக்கா?" என்று கேட்டாள் புதுசு. "பின்னே? அடுத்து நான் குடிக்கறதை நீயும் சந்தேகமாப் பார்த்துக்க" என்றாள் மோப்பக்கா.

உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ, உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியிலோ குடிக்க வைத்திருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் நிரப்புகிறார்கள், எப்படி ஆற வைக்கிறார்கள் என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேருக்கு நடுவில் நின்று கேளுங்கள். கழுவச் சொல்லப்பட்டவர்களுக்குச் சோப்பும், கொதிக்க வைப்பவர்களுக்கு அது ஆறுவதற்கான நேரமும் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.