டயரில் விழுந்த மூன்று கோடுகள்

பெரம்பலூருக்குப் பக்கத்தில், ஆட்டோவுக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் டயர் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். படிப்பு பத்தாவது. அதிலும் கணக்கு இரண்டு தடவை எழுதினேன். அரியலூர்ப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். ஏறும்போது நெற்றியில் மட்டும் திருநீறு இருக்கும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போய் இறங்கும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெளுத்திருக்கும். "சாமி இன்னிக்கு முழுக்காப்புல வந்துருக்கு" என்பார்கள். நானும் பெருமையாகத்தான் சிரித்துக்கொள்வேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மெஷினில் ரப்பரைச் சுற்றி ஒருவர் டயரைக் கட்டுவார். அதற்கு கிரீன் டயர் என்று பெயர். பெயர்தான் பச்சை, நிறம் அட்டக்கரி. இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். அதன் உள்பக்கம் மருந்து தெளித்து, வேகவைக்கிற பிரஸ்ஸுக்கு அனுப்புவது நான். வேகாத டயரில் குறை இருந்தால் பிரித்து, ரப்பரில் கொஞ்சத்தையாவது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். வெந்தபின் குறை தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. அது மண்ணிலும் மட்காது, கொளுத்தினால் ஊரே இருமும்.

போன வருஷம் சூப்பர்வைசர் சார் வந்து, "கிரீன் குழுவுக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். நான் உடனே கையைத் தூக்கினேன். "நாந்தான் சார் கிரீன்ல இருக்கேன்."

"யோவ், இது சுற்றுச்சூழல் கிரீன்யா. குப்பையக் குறைக்கிறது, தண்ணிய மிச்சம் பண்றது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் தூக்கிய கையை இறக்க மனசு வரவில்லை. பெயரை எழுதிக்கொண்டார்கள். அதன்பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் நான்தான் பேசுவேன். பூமாதேவியின் வயிற்றில் மட்காததைப் போடுவது பாவம் என்பேன். டீ கிளாஸைக் கழுவுகிறவரைக்கூட விட்டதில்லை, தண்ணீரைப் பற்றி உபதேசம் செய்துவிட்டுத்தான் நகர்வேன்.

எனக்கு முன்னால் மெஷினில் நின்று டயர் கட்டுகிறவர் மீன்சுருட்டி ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், காண்ட்ராக்டில் இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். இது நடந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது, நீட்டித்தால்தான் உண்டு. அந்த நேரம் பார்த்து அவர் மெஷினிலிருந்து போகிற டயரில் தினமும் ஒன்று வெந்தபின் கழிவானது. அதுவும் காலையில் கட்டுகிற முதல் டயர்.

"என்னாண்ணே இது, நாலு தடவ செக் பண்ணிட்டுத்தான் வுடறேன்" என்று வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"கவலைப்படாத தம்பி. நான் வேண்டிக்கிறேன்" என்றேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாதம் ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் திருநீறு பூசியபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. மெஷினுக்குப் பூசுகிறோமே, ஓடப்போகிற டயருக்கு யார் பூசுவது? யாரோ ஒரு ஆட்டோக்காரர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதை நம்பித்தானே போகப்போகிறார்? அன்றிலிருந்து காலையில் வருகிற முதல் டயரின் பக்கவாட்டில் மூன்று விரலால் லேசாக ஒரு பட்டை. பிரஸ்காரர் கண்ணுக்குக்கூடத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பது என் கொள்கை.

தம்பிக்காக வேண்டிக்கொண்டதும் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை கங்கைகொண்ட சோழபுரம் போய் அர்ச்சனை செய்து திருநீறு வாங்கி வந்தேன். அவர் ஊர்ப் பக்கத்துச் சாமி அவரைக் கைவிடுமா? திங்கட்கிழமை காலையில் ஒரு டயரோடு நிறுத்தவில்லை. மூன்று டயருக்குப் பூசினேன், நன்றாக அழுத்தியே.

அன்றைக்கு மூன்று டயர் கழிவானது.

மறுநாள் குவாலிட்டி மேடம் கிரீன் குழுவைக் கூட்டி, கழிவான டயர் ஒன்றை டிராலியில் தள்ளிக்கொண்டு வந்தார். தம்பியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய காண்ட்ராக்ட் பேப்பர் சூப்பர்வைசர் சார் கையில் இருந்தது.

"எல்லா டயர்லயும் ஒரே மாதிரி மூணு கோடு. ரப்பர் கூடாம வெடிச்சு நிக்குது. பிரஸ்ஸோட மோல்டு பாத்தாச்சு, சுத்தமா இருக்கு" என்றார் மேடம்.

எட்டிப் பார்த்தேன். கரேல் என்ற டயரில் அளவெடுத்ததுபோல் மூன்று கோடு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பக்தி. ஈசன் டயரில் வந்து நிற்கிறான் என்று படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"என்ன செய்றீங்க?" என்றார் மேடம்.

அப்போதுதான் புத்தி வந்தது. என் விரல்களைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன்.

"கொசுங்க மேடம்" என்றேன்.

இத்தனை நாள் கோயில் கோயிலாகச் சுற்றியவன் வாயில் வந்தது அந்தக் கொசுதான்.

சூப்பர்வைசர் சார் தம்பியின் பக்கம் திரும்பினார். "கட்டுறப்ப உன் நகம் பட்டிருக்கணும். நாளைலேர்ந்து மெஷின்ல நிக்க வேணாம்பா."

தம்பி இரண்டு கையையும் நீட்டினார். ஒட்ட வெட்டிய நகங்கள். "பாருங்க சார். வூட்டுல போயி நான் என்னான்னு சொல்றது?"

அந்தக் கைகளைப் பார்த்தபிறகு கொசு நிற்கவில்லை. "நாந்தாங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். என் மூன்று விரலை அந்தக் கோட்டில் வைத்தும் காட்டினேன். தைத்த சட்டைபோல் பொருந்தியது.

"சாம்பல் பட்ட எடத்துல ரப்பர் ஒட்டாதுங்க" என்றார் மேடம் மெதுவாக. சூப்பர்வைசர் சார் திரும்பி நின்று சிரித்தார், தோள் குலுங்கியது தெரிந்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"நேத்து மூணு போச்சேண்ணே. அது?"

"ஒனக்காகத்தான் தம்பி, வேண்டிக்கிட்டு..."

"எனக்காகவா! ஏண்ணே, எவனாவது செய்வினை வைக்கணும்னாகூட கோழி, எலுமிச்சம்பழம்னு செலவு ஆவும். நீங்க ஓசியிலயே முடிச்சுட்டீங்களே!"

அவருக்கு ஒரு வருஷம் நீட்டித்துக் கையெழுத்தானது. என்னைக் கிரீன் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு மாதம் கழிவு யார்டில் போட்டார்கள். வெந்து வீணான டயர்களை வண்டியில் ஏற்ற வேண்டும். என் பட்டை போட்டவை தனியாகவே கிடந்தன. பூமாதேவிக்காக அத்தனை பேசியவன் தினமும் அவளுக்கு வைத்த படையல் இதுதான் என்று நினைக்க நினைக்க ஒவ்வொன்றும் கூடுதலாகக் கனத்தது. சாமியிடம் கோபமில்லை. அவர் டயருக்குப் பூசச் சொல்லவில்லை, நானாகத்தான் பூசினேன்.

இப்போது புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் இந்தக் கதையை நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று மேடம் உத்தரவு போட்டிருக்கிறார். சொல்கிறேன், சிரிக்கிறார்கள். போன தடவை மெதுவாகக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தேன். மெஷின் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது.

"கொசுவ வுட்டுட்டீங்களேண்ணே!"

முதலிலிருந்து சொன்னேன்.