மடித்து வைத்த இஞ்சிரா

வாடிக்கையாளர் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டாலும், தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு எல்லாம் தெரிந்ததுபோல நிற்பதுதான் சப்ளையர் வேலை. நீங்களும் அப்படி நின்றிருந்தால் என் கஷ்டம் புரியும்.

அறுபதுகளில் சிதம்பரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் மாமா ஓட்டல் நடத்தினார்; சப்ளையர் நான்தான். பரங்கிப்பேட்டைக்காரர். எரித்திரியாவில் அஸ்மாரா என்ற ஊரில் சமையல்காரராக இருந்து, அந்த ஊர்ப் பெண்ணையே நிக்காஹ் செய்து அழைத்து வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் மாமி தன் ஊர்ச் சாப்பாடு செய்வார். புளித்த மாவில் தோசைபோல, தட்டு நிறைய ஒரு இஞ்சிரா, அதன் மேலேயே கறியும் பருப்பும்.

புளிப்பு

கடலூர் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டு, "நேத்து மாவா?" என்றார். எனக்கே சந்தேகம். அடுக்களைக்கு ஓடிக் கேட்டேன். நாலு நாள் புளித்த மாவு என்று மாமி பெருமையாகச் சொன்னார். அதை அப்படியே வந்து ஒப்பித்தேன்.

"தம்பி, ரெண்டு வாழப்பழம் குடு, போதும்."

இலை

அடுத்த வாரம் அண்ணாகிராமத்து முந்திரி வியாபாரி கறியை வழித்துச் சாப்பிட்டார். பிறகு இஞ்சிராவைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மாமிக்கோ முகம் செத்துப்போனது. அவருக்கு இஞ்சிராதான் சாப்பாடு, கறி அதற்குத் துணை. இன்னொரு முறை இப்படித் திரும்பி வந்தால் இனிமேல் சுடவே மாட்டேன் என்றார். என்ன குறை என்று கேட்க வியாபாரியின் பின்னால் ஓடினேன்.

"கறி அருமை தம்பி. எலைதான் கொஞ்சம் நைஞ்சு போச்சு."

ஊட்டல்

அதற்கடுத்த வெள்ளி, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த பண்ருட்டி லாரி டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஒரே தட்டு. "கீழ இருக்கறதும் சாப்பாடுதாங்க" என்றேன். "அப்ப எலை எங்க?" என்றார் டிரைவர். நான் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

அதற்குள் மாமியே வெளியே வந்துவிட்டார். இஞ்சிராவைக் கிழித்து, கறியைச் சுருட்டி, அந்த அம்மாவின் வாயருகே நீட்டினார். விருந்தாளிக்கு ஊட்டுவது அவர்கள் ஊர் வழக்கமாம். அந்த அம்மா புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். மென்று முடித்ததும், தானும் ஒரு வாய் சுருட்டி மாமிக்கு ஊட்டிவிட்டார். மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சற்று நேரத்தில் மடிக்க ஒரு துண்டுகூட மிச்சமில்லை. வெறும் தட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பலகாரம் நல்லா இருந்துச்சு. சோறு எப்ப போடுவீங்க?"

டிரைவரின் வேகத் தமிழ் பிடிபடாமல், என்ன சொல்கிறார் என்று மாமி கேட்டார். இன்னொன்று வேண்டுமாம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுப்புக்கு ஓடினார்.

என்ன சாப்பிட்டோம் என்று அவர்களுக்கும் புரியவில்லை, என்ன பரிமாறினேன் என்று எனக்கும் புரியவில்லை, ஆனால் அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட மாமி இஞ்சிரா சுடாமல் இருந்ததில்லை.