பொதுக் கோட்டோடு கார் ஓட்டம் பார்க்கப் போனது

எண்பத்தாறாம் ஆண்டில் ஜெர்மனியின் ஹம் நகர அகதி விடுதியில் கார்களைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. யாழ்ப்பாணத்தில் நான் ஓட்டிய ஒரே வாகனம் ரலி சைக்கிள். அதற்கும் பிரேக் இல்லை. ஆனாலும் மாமாவின் மொரிஸ் மைனரில் பின் சீற்றில் இருந்து பெற்ற அறிவை வைத்துக்கொண்டு, எந்த எஞ்சின் எப்படி உறுமும் என்று அறைத் தோழர்களுக்கு வகுப்பெடுத்து வந்தேன்.

இதைக் கேட்டு அலுத்துப்போன எங்கள் ஊர் யூட் அண்ணை, ஒரு கோடைச் சனிக்கிழமை என்னை நூர்பர்க்ரிங் மலைத்தடத்தில் நடக்கும் கார் ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிப்போக வந்துவிட்டார். கெல்சென்கிர்ச்சனில் இருந்த அவரை அரசாங்கம் அகதியாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய ஓப்பல் கார் ஒன்றும் வைத்திருந்தார். எங்கும் போகலாம். என் வழக்கோ முடியவில்லை. அனுமதி இல்லாமல் ஹம் எல்லையைத் தாண்டக்கூடாது. ஏற்கெனவே ஒருமுறை அவரைப் பார்க்கப் போய் ஸ்டேஷனில் பிடிபட்டு எச்சரிக்கை வாங்கியவன் நான். இன்னொரு முறை பிடிபட்டால் வழக்கே பாழாகிவிடும். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை நாள் வகுப்பெடுத்த வாய் அதற்கு இடம் தரவில்லை.

“கோட் போட்டவனைப் பொலிஸ் மறியாது,” என்றார் அண்ணை.

விடுதியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கறுப்புக் கோட் இருந்தது. ஊருக்கு அனுப்பும் படத்துக்கு ஆள் மாறி ஆள் அதைத்தான் மாட்டிக்கொண்டு நிற்போம். நாங்கள் எல்லோரும் வசதியாக இருக்கிறோம் என்று எங்கள் வீடுகளில் நம்பினார்கள். அந்தக் கோட்டைப் போட்டு, டையும் கட்டி, சோற்றுப் பார்சலோடு புறப்பட்டேன்.

அங்கே போய்ப் பார்த்தால் மலைச்சரிவு முழுக்கச் சேறும் கூடாரமும். சனம் ரப்பர் சப்பாத்தும் மழை உடுப்புமாக நின்று பியர் குடித்தது. அத்தனை ஆயிரம் பேரில் டை கட்டியவன் நான் ஒருவன்தான். பொலிஸ் கண்ணில் படாமல் இருக்கப் போட்ட வேடம் அடுத்த மலையில் இருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

இரவு காருக்குள்ளேயே படுத்தோம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் தொடங்கியது. கார்கள் எங்களைக் கடந்தபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எது என்ன எஞ்சின் என்று அண்ணை கேட்டார். எல்லாம் நல்ல எஞ்சின் என்றேன்.

அப்போது படம் பிடிக்கிற ஹெலிகொப்டர் ஒன்று மரங்களுக்கு மேலாகத் தாழ வந்தது. சனம் கையசைத்தது. நான் சேற்றில் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி. எப்போது விழுந்தேன் என்று தெரியாது. ஊரில் அது தாழ வந்தால் சுடும். நாடு மாறிவிட்டதை என் உடம்புக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

என்னைத் தூக்கி நிறுத்தியவர் ஒரு பொலிஸ்காரர். ஐம்பது வயது இருக்கும். எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டார். ஸ்டுட்கார்ட் கார்க் கம்பனி ஒன்றின் விருந்தாளி என்று சொல்லும்படி அண்ணை வழியெல்லாம் பாடம் சொல்லித் தந்திருந்தார். நான் ஹம் என்றேன், அகதி விடுதி என்றேன், அனுமதி எடுக்கவில்லை என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

பொலிஸ்காரர் கொஞ்ச நேரம் ஹெலிகொப்டர் போன திசையைப் பார்த்தார். பிறகு என் தோளில் இருந்த சேற்றைத் தட்டிவிட்டபடி மெதுவாக ஏதோ சொன்னார். என் ஜெர்மன் அதற்குப் போதவில்லை. மொழிபெயர்த்த அண்ணையின் குரல் தணிந்திருந்தது.

“சின்னனில தானும் உப்பிடித்தான் விழுந்து படுக்கிறவராம். கொலோனில குண்டு போட்ட காலம். இப்பவும் பிளேன் தாழப் பறந்தா கழுத்து தானாக் குனியுமாம். தான் உன்னை இங்க காணேல்லையாம். நிண்டு ஓட்டத்தைப் பாக்கட்டாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் சேறு என்பதால் மானம் தப்பியது.

ஹெலிகொப்டர் திரும்பி வந்தது. இம்முறை நிமிர்ந்தே நிற்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பொலிஸ்காரர் தொப்பியைப் பிடித்தபடி குனிந்தார். அவரைத் தனியாகக் குனியவிடுவது மரியாதை இல்லை என்று நானும் குனிந்தேன்.