அரக்கு நிறத்தில் ஒரு பாட்டில்

1. சாயமா?

காஞ்சிபுரத்து லேப் டெக்னீஷியன்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சாயப்பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் சிறுநீர் பாட்டிலில் சில நேரம் விரல் சாயமும் சேர்ந்து வரும். அதனால் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முருகேசன் அரக்கு நிறத்தில் பாட்டிலை நீட்டியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம்.

“ஏம்பா, புடவைக்குப் போடுறத ஊத்திக்கினு வந்துட்டியா?”

“நானும் சாயம்னுதான் நெனச்சேன்க்கா. நேத்துலேருந்து இப்டித்தான் போவுது.”

சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, புது பாட்டில் கொடுத்து அனுப்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அதே நிறம். என் சிரிப்பு நின்றது.

2. மைக்ரோஸ்கோப்

சிறுநீரில் முக்கிய டெஸ்ட் ஸ்டிரிப்பில் ரத்தம் என்று காட்டியது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு பேருக்குக்கூட இல்லை. தசை சிதைந்து அதன் நிறமி சிறுநீரில் இறங்கினாலும் ஸ்டிரிப் இப்படித்தான் காட்டும்.

“முருகேசா, புதுசா என்னா வேலை செஞ்ச?”

கூட வந்திருந்த அவன் மனைவி ஜோதி முந்திக்கொண்டு சொன்னாள்: “ஜிம்முக்குப் போச்சுக்கா. திருவிழாவுல சாமி தூக்குற ஆளுங்களோட இந்த வருஷம்தான் இத சேத்துக்கினாங்க. கால்ல பலம் வேணும்னு, மொத நாளே காலேஜ் பசங்களோட போட்டி போட்டு ஸ்குவாட் எடுத்துருக்குது. இப்ப கக்கூஸ்ல உக்கார முடியல.”

“நாள் பூரா அண்டாகிட்ட நின்னு நூல் பொரட்டுறவன்க்கா நான். இதுக்கா ஒடம்பு அசரும்?”

“பொரட்டுறது கை. உக்காந்து எழுந்தது கால். அதுக்கு ஏது பழக்கம்? வலிக்கு என்னா சாப்ட்ட?”

“மெடிக்கல்ல மாத்திர வாங்கினேன். திரும்பப் போய் செஞ்சா வலி விட்டுடும்னு பசங்க சொன்னானுங்க. சாயந்தரம் போறேன்.”

அந்த நிறமி கிட்னியைக் கெடுக்கும். வலி மாத்திரை அதற்குத் துணை போகும். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டருக்கு போன் செய்தேன். “அவரை வெளிய விடாதீங்க. சி.கே., கிரியாட்டினின் ரெண்டும் பாருங்க, வரேன்” என்றார். தசை சிதைவைக் காட்டும் சி.கே. அளவு மெஷினின் எல்லையைத் தாண்டியது. ரத்த மாதிரியை டைல்யூட் செய்து மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது. கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. அட்மிட் செய்து சலைன் ஏற்றினார்கள்.

“கிட்னி போயிடுமாக்கா?” என்று ஜோதி கேட்டாள்.

“தெரியலம்மா. சீக்கிரம் வந்துட்டீங்க, அதான் தெம்பு.”

தினமும் அவன் பாட்டில்தான் எனக்கு முதல் வேலை. அரக்கு வெளிறி டீ நிறமாகி, கடைசியில் வெறும் மஞ்சளானது. கிரியாட்டினினும் இறங்கியது. அன்று டெஸ்டிங் ரூமில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

3. திருவிழா

இளைய டெக்னீஷியன்களே, ஸ்டிரிப்பும் மைக்ரோஸ்கோப்பும் ஒத்துப்போகாவிட்டால், ரிப்போர்ட் அடிக்கும் முன் வந்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ஜிம்முக்குப் போகிறவர்களே, பயிற்சியைப் படிப்படியாக ஏற்றுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். தாங்காத வலியும் கருஞ்சிவப்புச் சிறுநீரும் வந்தால் மாத்திரையைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த வருஷம் சாமி தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர்வலம் எங்கள் லேப் வாசலில் நின்றபோது எட்டிப் பார்த்தேன். முருகேசன் தோளில் சாமி தூக்கும் தண்டு இல்லை, தண்ணீர்க் கேன் இருந்தது. சாமி தூக்குகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் டம்ளரை நீட்டி அதட்டிக்கொண்டிருந்தான்.

“குடிச்சிட்டுத் தூக்குப்பா. சாமி எங்கயும் ஓடிடாது.”