தரைக்கடியில் போட்ட மண்

கோவில்பட்டியில் அந்தத் தெருவில் சொர்ணத்தாய்க்கு ஒரு பெருமை இருந்தது. கரிசலின் திமிரை அடக்கியவள் அவள்தான். மழைக்கு உப்பி, கோடைக்குப் பாளம் பாளமாய் வெடித்து, கட்டிய சுவரையும் கூடவே கிழித்துவிடும் மண் அது. இருபது வருஷத்துக்கு முன் அவள் வீடு கட்டியபோது, தரைக்கடியில் கரிசலை எடுத்துவிட்டு நிரப்ப எட்டு லோடு சரள்மண் வேண்டும் என்றார் கொத்தனார். தெருக்கோடி தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கிக்கொண்டிருந்தவள் அதற்கு எங்கே போவாள்?

ஆபீசின் பின்புறம் நெடுக ஆள் உயரத்துக்கு ஒரு மேடு கிடந்தது. மருந்துச் சட்டி கழுவிய தண்ணீரின் வண்டலும், சாம்பலும், கண்ணாடித் தூளும் சேர்ந்து கல்லாய் இறுகிய மேடு. கேட்டதும், விட்டது சனியன் என்று அள்ளிக்கொள்ளச் சொன்னார் முதலாளி. அதை நிரப்பி மேலே சிமெண்டு பூசினாள். ஒரு வெடிப்பு விழவில்லை. எறும்புகூட அண்டவில்லை. எறும்பு அண்டாத இடத்தில் மனுஷன் எப்படிக் குடியிருப்பது என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! தெருவே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. முப்பத்தோரு வீட்டுத் தரை அப்படி நிரம்பியது.

ஆபீசை மூடிப் பத்து வருஷம் கழித்து, அந்த மனையை நகராட்சி எடுத்துக்கொண்டது. என்ன கட்டலாம் என்று தெருக்காரர்களைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சிராஜா பூங்கா என்றார். சொர்ணத்தாய் பால்வாடி என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகள் வனிதா தலைப்பிரசவத்துக்குக் கடம்பூரிலிருந்து வந்திருந்த நேரம் அது. சித்திரை வெயிலுக்குத் தரை குளுகுளுவென்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளை பாய்கூட விரிக்காமல் படுப்பாள். மழைக்காலத்தில் அடுக்களை மூலையில் மஞ்சளாய் ஏதோ பூக்கும். சொர்ணத்தாய் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அதையெல்லாம் அவள் பெரிதாய் எடுத்துக்கொண்டதில்லை.

கட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று ஜெயப்பிரியா என்ற இன்ஜினியர் பெண் வந்து ஒரு வாரம் துளை போட்டாள். பிறகு மனையிலேயே கூட்டம் போட்டு, வரைபடத்தை விரித்துக் கணக்குச் சரியாக வரவில்லை என்றாள். பழைய படங்களில் பெரிய மேடு தெரிகிறது. இப்போது அங்கே குழிதான் இருக்கிறது. தீப்பெட்டி மருந்தில் சேரும் மஞ்சள் உப்பில் குரோமியம் உண்டு, அது அந்த மேட்டில்தான் தங்கியிருக்க வேண்டும். ஈரத்தில் கசிந்தோ தூசியாய்ப் பறந்தோ உடம்புக்குள் போனால் ஆளையே தின்றுவிடும், பிள்ளைத்தாச்சிக்கும் கைக்குழந்தைக்கும் ஆகவே ஆகாது என்றாள். மேட்டை யார் அள்ளினார்கள், எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேட்டாள்.

சொர்ணத்தாயின் இருபது வருஷத்துப் பெருமை ஒரு நொடியில் பழியாய் மாறியது. பேச்சிராஜா குனிந்து அவள் காதோரம் முணுமுணுத்தார். வாயைத் திறந்தால் வீட்டை இடிக்கச் சொல்வார்கள், தெருவே அவளைக் காறித் துப்பும். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வனிதா எங்கே படுத்திருப்பாள் என்று சொர்ணத்தாய்க்குத் தெரியும்.

எழுந்து நின்றாள். “அந்த மேட்டு மேலதாம்மா நாங்க குடியிருக்கோம். எல்லாத்துக்கும் வழி காட்டுனவ நான். முதல்ல என் வீட்டத் தோண்டுங்க.”

தோண்டினார்கள். சிமெண்டுக்குக் கீழே மஞ்சள்பொடி டப்பாவைத் திறந்தது போல மண் வந்தது. பார்த்த மாத்திரத்தில் சொர்ணத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். உடனே சுட்டதுபோல் எழுந்துகொண்டாள்.

திட்டம் தலைகீழானது. மேடு போய்விட்டதால் மனையில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் போதுமாம். அங்கே தகரக் கொட்டகை போட்டுத் தெருவைக் குடியேற்றி, வீடு வீடாய்த் தரையைப் பெயர்ப்பது என்று முடிவானது. பால்வாடி அதற்கப்புறம்தான். தெருவில் பாதிப்பேர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அது அவளுக்குப் பெரிய வருத்தமில்லை. கொட்டகை எழும்பும்வரை மகளை எங்கே வைப்பது? தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தவளைப் பிள்ளை பிறக்குமுன் திருப்பிக் கொண்டுபோய் விடுவது எந்த ஊரில் நடக்கும்? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசுகிறவர்கள் பேசட்டும் என்று மறுநாள் காலையிலேயே வனிதாவையும் கூட்டிக்கொண்டு கடம்பூருக்கு பஸ் ஏறினாள்.

சம்பந்தியம்மாள் பேபி வாசலுக்கே வந்து வரவேற்றாள். சொர்ணத்தாய் உள்ளே போகாமல், நின்றபடியே நடந்ததைச் சொல்லி, பிரசவம் இங்கேயே நடக்கட்டும், செலவும் சீரும் தன் பொறுப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கேட்கக் கேட்க பேபியின் முகம் வெளிறியது.

“மயினி, இவியளுக்குன்னு புது ரூம் கட்டுனோம்லா,” என்றாள் மெதுவாக. “நிச்சயத்துக்கு வந்தப்ப நீங்க தரையக் காட்டிப் பெருமையாச் சொன்னீக. உங்க மருமவன் சக்திகுமாரு டிராக்டரக் கொண்டுபோயி உங்க ஆபீஸ் மேட்டுல மிச்சம் கெடந்தத அள்ளிட்டு வந்துட்டான். பொண்ணு எடுக்குற வீட்டுல மண்ணு கேட்டா மரியாத இல்லன்னு உங்ககிட்ட சொல்லல. அந்த ரூமுலதான் இவ ஒன்றர வருசமாப் படுத்துக் கெடக்கா.”

சொர்ணத்தாய் போனை எடுத்து ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

“எம்மா, இன்னொரு வீடும் எழுதிக்கோங்க. கடம்பூர்ல.”

படியில் ஒரு காலை வைத்தபடி வனிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, எங்கேயாவது உட்கார வேண்டும் என்றாள். எந்தத் தரையைக் காட்டுவது என்று சொர்ணத்தாய்க்குத் தெரியவில்லை.