தலைக் கிறிஸ்துமஸுக்குக் கதவைத் தட்டியவர்கள்

கல்யாணமாகி நாலாவது மாதத்தில், என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்தால் என் மனைவிக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வேலைக்குப் போனால் சரியாகிவிடும். திரும்பி வந்து, கோட்டைக் கழற்றி மாட்டி, என் எதிரே அமர்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயதில் மாப்பிள்ளையான ஒருவன் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவானோ, அந்த முடிவுக்குத்தான் நானும் வந்தேன்.

சாந்தன்பாறை சபையாரே, சாட்சி சொல்ல யார் முன்வருகிறீர்கள் என்று கேட்டால் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விடுகிற ஆள் நான். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். இந்த முறை ஓடமுடியவில்லை. நான் இன்று உயிரோடிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இருப்பது நன்றிகெட்ட வேலை.

என்னை அறியாதவர்களுக்கு: நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். அங்கே ஒரு டுட்டோரியலில் வெகுகாலம் தமிழும் சரித்திரமும் நடத்தியவன். மெர்சி உங்கள் சபைப் பெண், நர்ஸ். முப்பத்தெட்டு வயது வரை தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, பிறகு எந்த நம்பிக்கையிலோ எனக்குக் கழுத்தை நீட்டினாள். அவளுக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவளைச் சார்ந்தவன் என்ற விசாவில் பின்னாலேயே நானும் போனேன். தமிழுக்கும் சரித்திரத்துக்கும் அந்த ஊரில் கிராக்கி இல்லை. பாத்திரம் தேய்த்தேன், துணி மடித்தேன், ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன்.

பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் காய்ந்த உடம்பு எனக்கு. காற்று எனக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ஊர்க் காற்று வேறு. வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் முன்னறையில் ஒரு கேஸ் ஹீட்டர் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில், ஒரு சொம்பு நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை, வெளிப்பக்கம் கம்பி வலை. அந்த வழியாக வருகிற குளிர்காற்று எங்கும் தங்காமல் நேராக என் காதுக்குள் வந்து இறங்கும்.

என் மாமனார் ஆயுள் முழுக்க உங்கள் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற அறையைத்தான் அங்கே ஸ்டோர் என்பார்கள். ஒருநாள் வீடியோவில் எங்கள் சுவரைப் பார்த்துவிட்டார்.

"மாப்ள, அது என்ன செவுத்துல ஓட்ட?"

"தெரியலைங்க மாமா. கட்டும்போதே வெச்சிருக்காங்க. காத்து எனக்குன்னே வருதுங்க."

"உள்ள தீயப் போட்டுட்டு ஓட்டையத் தொறந்து வச்சா வெக்க எப்படி நிக்கும்? ஸ்டோர்ல ஈரம் போனதும் மொத வேலையா எல்லாத்தையும் அடைச்சிருவோம்லா. இல்லாட்டி காயி நெறம் போயிரும்."

"நான் காய் இல்லைங்களே மாமா."

"காயா இருந்தா வெலையாவது கெடச்சிருக்கும்" என்று பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

குளிரைப் பற்றி மலைக்காரர் சொன்னால் கீழ்நாட்டுக்காரன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அடைக்க வாகான கனமான துணியாக வீட்டில் இருந்தது என் கல்யாணப் பட்டு வேட்டி ஒன்றுதான். அயர்லாந்தில் அதற்கு வேறு உபயோகமும் இல்லை. சுருட்டி, அழுத்தி, கரண்டிக் காம்பால் குத்தி அடைத்தேன். அறை கதகதவென்று ஆனது. மாமாவுக்கு போன் செய்து நன்றி சொன்னேன்.

மெர்சியின் தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஆனால் அதை இதோடு முடிச்சுப் போடும் புத்தி எங்கள் இருவருக்குமே இல்லை. எனக்கும் வலித்தது. எனக்கு வயது, மூக்குக்கண்ணாடி, வாசிப்பு என்று காரணங்கள் கைவசம் இருந்தன. அவளுக்கு ஊர் ஏக்கம் என்று முடிவு செய்தோம். சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழ முடியவில்லை, காரணமில்லாமல் கண் நிறைகிறது. ஏக்கம் இல்லாமல் வேறென்ன?

ஏங்குவதற்கும் நியாயம் இருந்தது. டிசம்பர் வந்துவிட்டது. எங்கள் தலைக் கிறிஸ்துமஸ். அவளுக்குக் கிறிஸ்துமஸ் அன்றே டியூட்டி; லீவு கேட்கும் அளவுக்கு வேலையில் பழசாகவில்லை.

உங்கள் ஊரில் கேரல் பாட்டுக் குழு எஸ்டேட் வரிசை வீடுகளை லயம் லயமாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் அந்த வருஷத்துப் புது ஜோடி வீட்டுக்குத்தான் வரும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மெர்சி சொன்னாள். வெளியே பாட்டு முடிந்து கதவு தட்டப்படும். உள்ளே தாழ்ப்பாளில் புருஷன் கையும் பெண்டாட்டி கையும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் திறந்தால் "மூடு, மூடு, மறுபடி தொற" என்று கூச்சல் போட்டுக் கதவை வெளியிலிருந்தே இழுத்துச் சாத்திவிடுவார்கள். மெர்சி சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து அடுத்தவர் வீட்டுக் கதவு முன்னால் பனியில் நின்று பாடியவள். கூடப் பாடிய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கதவுக்கு உள்பக்கம் போய்விட்டார்கள். இவள் வெளிப்பக்கத்திலேயே இருந்தாள், தங்கையின் கதவு முன்னாலும் நின்று பாடினாள்.

"இந்த வருஷம் நான் உள்ள நிக்க வேண்டியது" என்றாள் ஒருநாள், சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே. குரலில் குறைப்படுகிற தொனி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து இரவு ஜெபத்தில் ஒரே விண்ணப்பம். "ஆண்டவரே, கிறிஸ்துமஸுக்கு யாராச்சும் ஒருத்தராவது வந்து எங்க கதவத் தட்டணும்."

"மெர்சி, இந்த ஊர்ல முன்கூட்டி மெசேஜ் அனுப்பாம யாரும் யார் வீட்டுக்கும் வர்றதில்ல. கடவுளே வந்தாலும் நேரம் கேட்டுட்டுத்தான் வருவார்."

"நீங்க கண்ண மூடுங்க. கேக்கிறது நான். தர்றது அவரு. நடுவுல நீங்க எதுக்கு?"

கண்ணை மூடிக்கொண்டேன். என் ஜெபம் தனி. அடுப்படியில், பாத்திரம் தேய்க்கும்போது, சத்தமில்லாமல்: "இவள் இந்த வீட்டில் நல்லபடியாக இருக்க வேண்டும். தடையாக இருப்பது நான்தான் என்றால் அதையாவது தெரியப்படுத்தும்."

டிசம்பர் நடுவில் தலைசுற்றலும் குமட்டலும் சேர்ந்துகொண்டன. மாமியார் வீடியோவில் மகளை மேலும் கீழும் பார்த்தார். "ஏட்டி, வாந்தி வருதா? புளிப்பா எதுவும் கேக்குதா?" என்றார். பதில் வரும் முன்பே அவர் முகம் மாறிவிட்டது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்தது. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எங்களுக்காகத் துதி ஏறெடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மெர்சி ஒரு நர்ஸ். பரிசோதிக்காமல் நம்ப மாட்டாள். ஆனாலும் அந்த ஒரு ராத்திரி நம்பினாள். நானும் நம்பினேன், கொஞ்சம் கர்வத்தோடு. மறுநாள் பரிசோதனை, "இல்லை" என்று சொல்லிவிட்டது. பாத்ரூம் கதவுக்கு வெளியே நான் நின்றேன். "டீ போடட்டுமா?" என்றேன். இத்தனை காலம் மொழி கற்பித்தவனிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

டிசம்பர் இருபத்துநான்கு. அவளுக்கு விடுமுறை. அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அம்மா கொடுத்தனுப்பிய அச்சை எடுத்து, வீடு கிறிஸ்துமஸ் வீடாக மணக்கட்டும் என்று அச்சு முறுக்கு சுடப்போவதாகச் சொன்னாள். குளிர் அதிகம் என்று காலையிலிருந்தே ஹீட்டரை முழுதாக வைத்திருந்தேன். மாவைக் கரைத்து எண்ணெயை வைத்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தல கிர்ருங்குது. கொஞ்சம் படுக்கேன். அச்சு நல்லா காயணும், அப்பத்தான் மாவு விடும். எண்ணெயப் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் தலையும் பஞ்சு மூட்டை மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து எண்ணெயைப் பார்த்தபடியே இருந்தவன் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது அடுப்படி முழுக்கப் புகை. காயப் போட்ட அச்சு எண்ணெயோடு சேர்ந்து கரியாகியிருந்தது. கூரையிலிருந்த புகை மணி ஊரைக் கூட்டியது. அடுப்பை அணைத்துவிட்டு அந்த மணிக்குக் கீழே நின்று துண்டை வீசினேன். அது இன்னும் உற்சாகமாகக் கத்தியது. பக்கத்து வீட்டில் நோரா என்று ஓர் அம்மாள், தனியாக இருப்பவர். மணி நிற்காததைக் கேட்டுத் தீயணைப்புக்கு போன் செய்துவிட்டார். இது எனக்குப் பிறகு தெரிந்தது.

கதவு தட்டப்பட்டது.

நான் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"இருங்க. நானும் வர்றேன்."

தலைமுடி கலைந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. என் கைமேல் அவள் கையை வைத்தாள். சேர்ந்து திறந்தோம். வாசலில் தலைக்கவசமும் மஞ்சள் பட்டை போட்ட கோட்டுமாக நாலு தீயணைப்பு வீரர்கள் நின்றார்கள். மெர்சி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

முறுக்கு என்றேன். எண்ணெய் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவர்களில் மூத்தவர் பரவாயில்லை என்று உள்ளே ஓரடி வைத்தார். அவர் மார்பில் மாட்டியிருந்த சின்னக் கருவி கீச்சிடத் தொடங்கியது. போன் அடிக்கிறது போல என்று நினைத்து, எடுத்துப் பேசட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றேன். அவர் என் தோளைப் பிடித்து, மெர்சியின் கையைப் பிடித்து, எங்களை வெளியே கொண்டுவந்து விட்டார்.

நோரா அம்மாளின் அடுப்படியில் உட்கார வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார்கள். கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. பழைய ஹீட்டர் சரியாக எரியாமல் அதைக் கக்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த ஓட்டை, காற்று வந்துபோவதற்காகவே வைத்தது. ஏலக்காய் ஸ்டோரில் அடுப்பு வெளியே இருக்கும்; குழாய் வழியாகச் சூடு மட்டும் உள்ளே வரும். எங்கள் வீட்டில் தீயே உள்ளே இருந்தது. மாமாவுக்கும் எனக்கும் இந்த வித்தியாசம் தோன்றவே இல்லை.

"தலைவலி இருந்ததா? வாந்தி? வெளியே போனால் சரியாகிவிடுமா?" என்று அந்த மூத்தவர் கேட்டார். மெர்சி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏன் அப்படி அழுதேன் என்று அங்கிருந்த யாருக்கும் புரிந்திருக்காது. அவளுக்குத் தலைவலி கொடுத்தது நான் இல்லை. ஹீட்டர்.

"இன்று ராத்திரியும் இதை ஓடவிட்டுத் தூங்கியிருந்தால்..." என்று தொடங்கிய அவர், அதை அப்படியே விட்டுவிட்டு, போன் செய்ததற்காக நோரா அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இளைஞர் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் என் பட்டு வேட்டி. சுவருக்குள்ளிருந்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம். இது என்ன என்று கேட்டார். என் கல்யாண உடை என்றேன். அவர் அதை மிகுந்த மரியாதையோடு மடித்து என்னிடம் கொடுத்தார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது மெர்சி நோரா அம்மாளிடம் உங்கள் ஊர்ப் பாட்டுக் குழுவைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. கரகரத்த குரலில், அவர்கள் மொழியில், ஒரு பாட்டை எடுத்தார். வார்த்தை புரியவில்லை. மெட்டு நம்முடையது. மெர்சி தமிழில் இரண்டாம் குரலைப் பிடித்தாள். தீயணைப்புக்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கேரல் குழு அதுதான்.

தலைக் கிறிஸ்துமஸை ஆஸ்பத்திரியில், ஆளுக்கொரு ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கொண்டாடினோம். காலையில் மாமாவுக்கு போன் செய்தோம். நடந்ததைச் சொன்னோம்.

"நாந்தான மாப்ள அடைக்கச் சொன்னேன்."

"அடைச்சது நானுங்க மாமா. வேட்டி நீங்க எடுத்துக் கொடுத்ததுங்க. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. அழுதுகொண்டே துதி சொன்னார். நாங்களும் சொன்னோம்.

வீட்டுக்காரர் ஹீட்டரை மாற்றிக் கொடுத்தார். தலைவலி போய்விட்டது. ஏக்கம் போகவில்லை, அது உண்மையாகவே ஏக்கம்தான் என்று இப்போது தெரிகிறது. டிசம்பர் வந்தால் மெர்சி ஜன்னலோரம் நிற்கிறாள். மாமியாரின் ஜெபக்கூட்டம் எதற்காக அவசரப்பட்டுத் துதித்ததோ, அதற்காக நாங்கள் இன்னும் காத்திருக்கிறோம். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் ஜெபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் இப்போது இரண்டையும் மூடுகிறேன். அவள் ஒரு தட்டலைக் கேட்டாள். வந்தது. வந்தவர்கள் கையில் எங்கள் உயிரும் இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய சாயங்காலம் நாங்கள் இருவரும் நோரா அம்மாளும் சேர்ந்து, அந்தத் தெருவில் புதிதாக வந்தவர்களின் கதவுகளைத் தட்டினோம். ஒரு வீட்டில் கோட்டயம் பக்கத்து இளம் ஜோடி. கதவைத் திறந்தது பையன் மட்டும். மெர்சி கதவை இழுத்துச் சாத்திவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து திறங்கள் என்று வெளியே நின்று மலையாளத்தில் கத்தினாள். நான் பாடியதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை. அதுவும் ஒரு கிருபைதான்.

தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைகளை நினைத்து ஏங்குகிறவர்கள் உங்களில் உண்டு. அவர்களுக்காகக் கேளுங்கள், கூச்சப்படாமல், சின்ன விஷயமாக இருந்தாலும் கேளுங்கள். பதில் எந்த உடுப்பில் வந்து நிற்கும் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள்.

இப்போதும் ஞாயிறுதோறும் மாமா வீடியோவில் வருகிறார். நலம் விசாரிக்கும் முன் கேட்பது ஒன்றுதான்.

"ஓட்ட தொறந்திருக்கா மாப்ள?"

"தொறந்திருக்குதுங்க மாமா. குளிருதுங்க."

"குளிரட்டும்" என்கிறார்.