சிவப்புச் சுவிச்சில் ஒட்டிய பிளாஸ்டர்

தொழிற்சாலையில் கழித்துவிட்ட கொம்பியூட்டர் போர்ட் ஒன்று என் அலுமாரியில் கிடக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு சின்னச் சுவிச்சுகள். கறுப்பு அபோர்ட், சிவப்பு ரீசெட். சிவப்பின்மேல் ஒட்டிய பிளாஸ்டர் துண்டு காய்ந்து மஞ்சளாகிவிட்டது. அதை ஒட்டியவரை நான் ஒரு வருசம் முழுக்க, ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் ஆள்காட்டி என்றே நினைத்திருந்தேன்.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தடித் தொழிற்சாலையில் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் கன்வேயர் பட்டியை அந்தக் கொம்பியூட்டர்தான் ஓட்டியது. பட்டி அடிக்கடி காரணமில்லாமல் நிற்கும். நான் சிவப்பை அமத்துவேன். எல்லாம் முதலிலிருந்து தொடங்கி ஓடும். எனக்கு அது போதும். ஆனால் துறைமுகத்தில் எது நின்றாலும் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று தேடிய காலம் அது. என்னோடு மாறி மாறி வேலை பார்த்த பாலையூற்றுக்காரரை, அவருடைய நேரத்தில் பட்டி நின்றது என்று சொல்லி விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் பட்டியைப் பார்க்க ஓர் எஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்தார். தமிழர்தான், என்னைவிட வயது குறைவு. வாசல் காவலில் நிற்பவர்களோடு சிங்களத்தில் சிரித்துக் கதைப்பார். நான் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க, அவரை அப்படியே உள்ளே விடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறிப்புக் கொப்பி. பட்டி நின்றதும் ஓடி வந்து கறுப்பை அமத்துவார், திரையைப் பார்த்து என்னவோ எழுதுவார். நேரம், அப்போது கொம்பியூட்டர்க் கதிரையில் இருந்தவரின் பெயர் எல்லாம் அதில் ஏறும். என் பெயரை என் கண்ணாலேயே கண்டேன். ஒருநாள் சிவப்பில் பிளாஸ்டரை ஒட்டி, இனி இதைத் தொட வேண்டாம் என்றார். அன்புவழிபுரத்து வீட்டுக்குப் போய், இந்த ஆள் என்னை மாட்டிவிடத்தான் வந்திருக்கிறார் என்று மனுசியிடம் சொன்னேன். அவரோடு தேத்தண்ணி குடிப்பதையும் விட்டேன்.

ஒரு காலை, கப்பல் காத்து நிற்க, பட்டி மறுபடி நின்றது. மத்தியானத்துக்குள் சிவில் உடுப்பில் விசாரணைக்காரர் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பட்டி நின்ற நேரமெல்லாம் நான்தான் இருந்தேனாம். எஞ்சினியர் கொப்பியை எடுத்தார். சரி, நம்முடைய கதை முடிந்தது என்று நினைத்தேன். அவரோ விரல் வைத்து வைத்து வாசித்துக் காட்டினார். ஐந்து தடவையும் புரோகிராம் ஒரே இடத்தில்தான் சிக்கி நின்றிருக்கிறது. அதில் இரண்டு நாள் நான் லீவு. பிழை புரோகிராமில், ஆளில் இல்லை என்றார். அவர்கள் அந்தப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போனார்கள், என்னைக் கொண்டுபோகவில்லை.

அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. நன்றி சொல்லாமல், ஏன் எழுதினீர்கள் என்றுதான் கேட்டேன்.

“அண்ணை, கறுப்பை அமத்தினா எந்த இடத்தில நிண்டதெண்டு காட்டும். சிவப்பை அமத்தினா எல்லாம் அழிஞ்சுபோகும். பிறகு ஆர் செய்ததெண்டு அவங்கள் சொல்லுறதுதான்.”

ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவன், என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. பாலையூற்றுக்காரரைப் படியால் இறக்கிக் கொண்டுபோன அன்று, அவருடைய இடத்துக்கு வந்தவன் நான். திரை, சிக்கிய இடத்திலேயே நின்றபடி இருந்தது. கப்பல் காத்திருக்கிறதென்று, வந்ததும் வராததுமாகச் சிவப்பை அமத்தினேன்.

அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டரில் விரலை வைக்கிறேன். உரிக்க மட்டும் என்னால் முடியவில்லை.